'இஃப்' சொல்லாத வீடு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தூரத்தில் இருப்பவர்களும் கொஞ்சம் நகர்ந்து வாருங்கள். இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை. இங்கிலீஷ் படித்த ஒருத்தியின் கதை. 'அட, பாடமா?' என்று எழுந்து போய்விடாதீர்கள். பாடம் இதில் கொஞ்சம்தான். பயப்படுகிற இடம்தான் நிறைய.

பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த இடம் அது. நடுவில் டவர் கிரேன். அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். கொக்கியை ஏற்றுவார், இறக்குவார், நீளமான இரும்புக் கையை வானத்தில் சுற்றுவார். கீழே மஞ்சள் மேல்சட்டையும் தொப்பியுமாக ஒருத்தி ரேடியோவைப் பிடித்துக்கொண்டு, "ஏத்துங்க... நிறுத்துங்க... மெதுவா இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சிக்னல் கொடுக்கிற வேலை. மேலே இருப்பவருக்குக் கட்டடத்தின் பின்பக்கம் தெரியாது. அங்கே அவருக்குக் கண் இவள்தான்.

இருவரும் புருஷன் பெண்டாட்டி. அதனால் வேலையிடத்தில் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர், இவளுக்குக் கீழ்வீட்டம்மா. சுமைகளுக்குக் கயிறு கட்டிக் கொக்கி மாட்டுகிற கொக்கிக்காரருக்கு இவர்களைச் சீண்டாமல் டீ இறங்காது.

"உலகத்துலயே பொண்டாட்டி சொல்லச் சொல்ல அப்படியே செய்யுற ஆம்பளை நம்ம மேல்வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அதுக்குச் சம்பளம் வேற வாங்குறாரு!"

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாருங்கண்ணே," என்பாள் கீழ்வீட்டம்மா. "ஒரு தண்ணிக் குடத்தைத் தூக்கச் சொல்லிப் பாருங்க. அந்தக் கிரேன் நகராது."

இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரேடியோவில் இருப்பதை மட்டும்தான் சொல்லலாம். 'காத்து வந்தா', 'ஆள் நகர்ந்தா', 'வேணும்னா' என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலே இருப்பவருக்குக் கேட்க வேண்டியது கட்டளை; யோசனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் சொல்லிக்கொடுத்த அந்தப் பழக்கம் அவள் நாக்கிலேயே ஊறிவிட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புருஷன் வானத்தில் தொங்குகிற பிழைப்பு. 'கயிறு அறுந்தா', 'கூண்டு ஆடினா' என்று வீட்டில் யார் பேசுவார்கள்? அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுக்கொள்ளுகிற அந்த இருவர், இதை மட்டும் ஒரு நாளும் வாயில் எடுத்ததில்லை.

அப்போதுதான் வேலையைப் புதிய கம்பெனி ஒன்று எடுத்தது. இனி ரேடியோவில் இங்கிலீஷ்தான் என்றார்கள். சிக்னல் கொடுப்பவர்கள் எல்லோரும் நேரில் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்லித் தேற வேண்டும். தேறாதவர்கள் வாசல் கேட்டுக்குப் போய் லாரி வருவதைப் பார்க்க வேண்டியதுதான்.

கேட்டில் நிற்பது அவளுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. வேறு ஒன்றுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. அவள் இடத்துக்கு வரக் காத்திருந்தவன் ரயிலு. வாயைத் திறந்தால் நிற்க மாட்டான் என்பதால் அந்தப் பெயர். நல்லவன்தான், இங்கிலீஷும் கடகடவென்று வரும். ஆனால் ரேடியோவைக் கொடுத்தால், "இறக்குங்க, இல்ல இல்ல, இருங்க, ஒரு நிமிஷம், சரி இறக்குங்க" என்பான். அந்தக் குரலை நம்பித் தன் புருஷன் அவ்வளவு உயரத்தில் கை வைத்திருக்க வேண்டுமா?

முதல் தடவை பரீட்சை எப்படிப் போனது தெரியுமா? புதிய கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஒரு நரைமுடி அம்மாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கயிறு அறுந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"கயிறு நல்லா இருக்கு, மேடம். காலையில பார்த்தேன்," என்றாள் இவள், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"சரி. ஆனால் அறுந்தால்?"

"நல்ல கயிறு, மேடம்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இன்னொரு முறை வாருங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த இன்னொரு முறைதான் கடைசி முறை.

சொல்லிக்கொடுக்க வந்தவள் நாத்தனார். ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். நாலு தேசத்து ஆளையும் இங்கிலீஷிலேயே சமாளித்து அறைச் சாவியைக் கையில் திணித்துவிடுவாள். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, நாத்தனார் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடத்தை ஆரம்பித்தாள்.

"அண்ணி, சும்மா ஒரு கற்பனைதான். இஃப் ஐ வேர் எ குயின்... நான் ராணியா இருந்தா..."

"நீதான் ராணி இல்லையே."

"அட, அதுதான் அண்ணி விஷயமே! இல்லாததைச் சொல்லத்தான் இப்படி ஒரு பேச்சு."

"இல்லாததை எதுக்குச் சொல்லணும்?"

"உங்களைக் கட்டிக்கிட்டு எங்க அண்ணன் எப்படித்தான் குடும்பம் நடத்துறாரோ! சரி, நீங்க சொல்லுங்க. நீங்க ராணியா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

கீழ்வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம்தான். பிறகு நிறுத்தி நிறுத்தி, "இஃப் ஐ வேர் எ குயின்... ஐ வுட் ஸெண்ட் யூ... டு யுவர் ஹஸ்பெண்ட்ஸ் ஹவுஸ்" என்றாள்.

நாத்தனார் மேடையிலிருந்து குதித்துக் கை தட்டினாள். "வந்துடுச்சு! திட்டுறதுன்னு வந்தா உங்களுக்கு எந்தப் பாஷையும் வந்துடும்!"

அதற்குப் பிறகு சின்னச் சின்ன விஷயங்களில் அவளுக்கு அது வர ஆரம்பித்தது. பஸ் வராவிட்டால் நடந்து போவேன். நீ வாயை மூடினால் எனக்குக் காது கேட்கும். இப்படி. நாத்தனார் சொன்ன ஒரு விளக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது. "பாருங்க அண்ணி, நடக்காததைச் சொல்றப்ப இவங்க அதை ஒரு படி பின்னால தள்ளி வெச்சுடுறாங்க. வில் கிடையாது, வுட். தள்ளி வெச்சுட்டுப் பேசுறதால கையைச் சுடாது."

ஆனால் பேச்சு கிரேனுக்கு வந்ததும் அவள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "இஃப் த ஆபரேட்டர்..." என்று நாத்தனார் தொடங்கினாலே கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். "அந்த ஆபரேட்டர் உன் கூடப் பொறந்தவருடி! வாயில எப்படி வருது உனக்கு?" கடைசியில் நாத்தனார் சலித்துப்போய், கேட்கக்கூடிய கேள்விகளுக்கு எல்லாம் பதிலைச் சொல்லிக்கொடுத்தாள். அர்த்தத்தைப் பார்க்காமல் மந்திரம் மாதிரி இவள் உருப்போட்டாள். ரேடியோ நின்றுபோனால் சுமையை நிறுத்துவேன், என் இடத்தை விட்டு நகர மாட்டேன். அதில் அவள் புருஷன் இல்லை. வெறும் சத்தம்தான் இருந்தது.

"இப்படி ஒப்பிச்சீங்கன்னா அந்தம்மா கண்டுபிடிச்சிடும் அண்ணி."

"கண்டுபிடிக்கட்டும். எனக்கு இதுதான் வரும்."

பரீட்சை அன்று காலையிலேயே காற்று ஒரு மாதிரியாக இருந்தது. வேலையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. சும்மா விடுகிற அளவுக்கும் இல்லை. பரீட்சைக்குப் போகுமுன் ஒரே ஒரு கம்பிக் கட்டைப் பின்பக்கத்து முற்றத்தில் இறக்க வேண்டியிருந்தது. கொக்கிக்காரர் முன்பக்கத்தில் கட்டி மாட்டிவிட்டார். கட்டு மேலே எழும்பி, கட்டடத்தைத் தாண்டி, பின்பக்கம் வந்தது. கீழ்வீட்டம்மா அங்கே நின்றிருந்தாள். "இறக்குங்க... இறக்குங்க... மெதுவா..."

சட்டென்று ரேடியோவில் இரைச்சல்கூட இல்லை. செத்த மாதிரி இருந்தது.

பொத்தானை அழுத்தினாள். தட்டினாள். ஒன்றும் இல்லை. மேலே கட்டு நின்றுவிட்டது. குரல் நின்றால் அவரும் நிறுத்திவிடுவார், அதுவரைக்கும் சரி. ஆனால் மாடி உயரத்தில் தொங்கிய அந்தக் கட்டைக் காற்று பிடித்துக்கொண்டது. முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அகலமாக, அது ஆட ஆரம்பித்தது.

இப்போது என்ன செய்வது? இருந்த இடத்திலேயே நின்று, வேறு யாரையாவது கூப்பிட்டு, வேறு ரேடியோ கொண்டுவரச் சொல்ல வேண்டும். நகரக் கூடாது என்பது அவள் உருப்போட்ட பதிலிலேயே இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் பதில் ஞாபகத்துக்கு வரவில்லை, புருஷன்தான் வந்தார். என் குரல் கேட்காமல் அவர் தவிப்பார். நான் கண்ணில் பட்டால்தான் அவருக்கு மூச்சு வரும். கட்டட மூலைக்கு ஓடினால் அவருக்கு என்னைத் தெரியும், கையாலேயே சொல்லிவிடலாம். ஓடினாள்.

மேலே கூண்டுக்குள் அவர் என்ன நினைத்தார்? அவள் சுமையை விட்டு நகரவே மாட்டாள். ஆடுகிற கட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் தலைக்கு மேலிருந்து இதை முதலில் எடுக்க வேண்டும். எனக்குக் கண் தெரிகிற பக்கம் கொண்டுவந்துவிட்டால் போதும். கட்டைக் கொஞ்சம் ஏற்றினார். கிரேன் கையைத் திருப்பினார். எந்தப் பக்கம்? அதே மூலைப் பக்கம்.

ஒருவரை ஒருவர் அவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்கள், கண்ணுகளா. அதனால்தான் வந்தது வினை. அடுத்தவருக்காக என்ன செய்ய வேண்டும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. அதை இருவரும் பேசிவைத்ததுதான் இல்லை.

அவள் மூலையைத் திரும்பும்போது வெயில் மறைந்தது. அண்ணாந்து பார்த்தாள். கம்பிக் கட்டு கட்டடத்தின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அவளை நோக்கியே வந்துகொண்டிருந்தது. சாரத்துக் குழாய் ஒன்றில் உரசி, காதைக் கிழிக்கிற சத்தத்தோடு தீப்பொறி பறந்தது. "அம்மா! விலகு!" என்று கொக்கிக்காரர் அலறினார். அவளுக்குக் கால் வரவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். நிறுத்து என்பதற்கு அதுதான் கைச் சைகை. விரித்த கைகளோடு அப்படியே நின்றாள்.

கட்டு நின்றது. நின்ற பிறகும் அவள் தலைக்கு மேலே போனது, வந்தது, போனது. கொக்கிக்காரர் வந்து அவளைத் தோளோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்.

கொக்கிக்காரரின் கைச் சைகையிலேயே கட்டைத் தரையில் இறக்கி முடித்ததும் மேல்வீட்டுக்காரர் ஏணியில் இறங்கி வந்தார். கடைசிப் படியைப் பிடித்த கை அதை விடவில்லை.

"ஏண்டி ஓடினே? உன்னை யாரு ஓடச் சொன்னா?"

"நீங்க ஏன் திருப்பினீங்க? நிறுத்தினவரு அப்படியே நிக்க வேண்டியதுதானே?"

"நீ கீழ நிக்கிறேன்னுதான் திருப்பினேன்!"

"உங்களுக்குத் தெரியட்டும்னுதான் ஓடினேன்!"

அப்போதுதான் ரயிலு வந்து, வழக்கத்துக்கு மாறாக மிகவும் மெதுவாகச் சொன்னான். "அக்கா... உங்களைப் பரீட்சைக்குக் கூப்பிடுறாங்க."

ஆபீஸ் என்பது ஒரு தகரப் பெட்டி அறை. ஜன்னல் எதிர்ப்பக்கம்; நரைமுடி அம்மாள் எதையும் பார்த்திருக்கவில்லை. கீழ்வீட்டம்மா எதிரே உட்கார்ந்தாள். நடந்தது தெரியாத அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, இருக்கிற கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒன்றையே கேட்டார். ஆபரேட்டர் உங்களைப் பார்க்க முடியாத இடத்தில் சுமை தொங்குகிறது. ரேடியோ நின்றுவிடுகிறது. என்ன செய்வீர்கள்?

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தானாகவே வெளியே வந்தது. "இஃப் த ரேடியோ ஃபெயில்ட், ஐ வுட் ஸ்டாப் த லோட். ஐ வுட் ஸ்டே இன் மை ப்ளேஸ்."

"வெரி குட்," என்றார் அம்மாள். பேனாவைக் கையில் எடுத்தார்.

அவ்வளவுதான். எழுந்து போய்விடலாம். ரயிலு வெளியே சொல்ல மாட்டான். கொக்கிக்காரர் செத்தாலும் சொல்ல மாட்டார். நாளைக் காலையில் அவர் ஏணியில் ஏறுவார், இவள் கீழே நிற்பாள். மறுபடி ஒரு நாள் ரேடியோ நிற்கும். மறுபடி அவர் இவளுக்காகத் திருப்புவார். இவள் அவருக்காக ஓடுவாள்.

"நோ, மேடம்," என்றாள்.

பேனா நின்றது.

இன்றைக்கு ரேடியோ நின்றது, மேடம். நான் நிற்கவில்லை, ஓடினேன். அவர் கிரேனைத் திருப்பினார். கட்டு என் தலைக்கு மேல் வந்தது. தட்டுத் தடுமாறி, உடைந்த இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தவள், அடுத்ததை மட்டும் எங்கும் தடுக்காமல் சொன்னாள். "இஃப் வீ ஹேட் டாக்ட் பிஃபோர், ஐ வுட் ஹாவ் ஸ்டேய்ட். ஹீ வுட் ஹாவ் வெயிட்டட்." முன்பே நாங்கள் பேசிவைத்திருந்தால் நான் நின்றிருப்பேன், அவர் காத்திருந்திருப்பார். யாரும் அவளுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இலக்கணத்தையும் அவள் நினைக்கவில்லை. அந்த இரும்புக் கட்டு தலைக்கு மேல் போய்வந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஏன் பேசிவைக்கவில்லை?" என்று கேட்டார் அம்மாள்.

"அவர் என் புருஷன், மேடம். சொன்னால் அது நடக்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரியும்."

நரைமுடி அம்மாள் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து போய், வெளியே யாரிடமோ கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்றார். இங்கிலீஷில் தேறிவிட்டீர்கள் என்றார். ஆனால் நாளைக் காலையில் இருவரையும் தனித்தனியாகக் கேட்பேன் என்றார். இது நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், அவர் என்ன செய்வார் என்று. இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் சேர்ந்து வேலை செய்யலாம். ஒரு பதில் மாறினாலும் அவருக்குக் கீழே வேறு ஆள் நிற்பார்.

சாயங்காலம் வீட்டு மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளே நாத்தனார் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவினாள். அவள் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"ஆரம்பி," என்றார் அவர்.

"நீங்க ஆரம்பிங்க."

அவர் வாயைத் திறந்தார். "கயிறு..." என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்மா. உன் இடத்துல ரயிலுவே நிக்கட்டும்."

அப்போதுதான் அவள் இங்கிலீஷில் கேட்டாள். "இஃப் த ரோப் ப்ரோக், வாட் வுட் யூ டூ?"

அவர் திரும்பிப் பார்த்தார். "அடேயப்பா, துரைசானி!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு, அரைகுறை இங்கிலீஷில் பதில் சொன்னார். அவள் தன் பங்கைச் சொன்னாள். தமிழில் தொடக்கூட முடியாத ஒன்றை அந்த வேற்று மொழியில் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடிந்தது. காற்று திடீரென்று பெருத்தால்? கரண்டு போனால்? ரேடியோ நின்றால்? நான் நகர மாட்டேன். நீங்கள் திருப்ப மாட்டீர்கள். கொக்கிக்காரர் மூலைக்குப் போய்க் கை காட்டுவார். மேலே உங்களுக்கு நெஞ்சு வலி வந்தால்? அதற்கும் அவர் பதில் சொன்னார். சுமையைப் பத்திரமாக நிறுத்துவேன், ஹாரனை அடிப்பேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது.

"இஃப் ஐ ஃபெல்..." என்றாள். நான் கீழே விழுந்துவிட்டால். அடிபட்டுக் கிடந்தால். "வாட் வுட் யூ டூ?"

"ஐ வுட் கம் டௌன்," என்றார் உடனே. இறங்கி வருவேன்.

"நோ."

"என்ன நோ? நீ கீழ கிடப்ப, நான் மேல உக்காந்து வேடிக்கை பாப்பேனா?"

"சுமை தொங்குதுங்க. அதுக்குக் கீழ நாலு பேர் நிக்கிறாங்க. என்னைத் தூக்க வந்தவங்களும் அங்கதான் நிக்கிறாங்க. நீங்க கூண்டை விட்டு இறங்கினா அதை யார் பார்க்கிறது?"

"அது எனக்குத் தெரியாது."

"தெரியும் உங்களுக்கு. சொல்லுங்க."

அவர் படியிலிருந்து எழுந்தார். இரண்டு படி இறங்கி, சுவரைப் பார்த்து நின்றார். உள்ளே தண்ணீர்க் குழாயும் நின்றுவிட்டது. அவள் எழுந்து போய்ச் சமாதானம் சொல்லவில்லை. காலையில் விரித்த கைகளோடு நின்ற மாதிரியே, இருந்த இடத்தில் அசையாமல் இருந்தாள்.

கடைசியில், சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். "ஐ வுட் ஸ்டே."

"இன்னொரு தடவை."

"ஐ வுட் ஸ்டே அப் தேர். அண்டில் த லோட் இஸ் டௌன்." சுமை இறங்கும்வரை மேலேயே இருப்பேன். பிறகு தமிழில், "அதுக்கப்புறம் என்னை யாரும் பிடிக்க முடியாதுடி," என்றார்.

"அதுக்கப்புறம் யாரு பிடிக்கச் சொன்னா?" என்றாள் அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இப்போது வெங்காயம் எதுவும் அங்கே இல்லை.

மறுநாள் நரைமுடி அம்மாள் அவரை முதலில் கூப்பிட்டார், பிறகு இவளை. கடைசிக் கேள்வியையும் விடவில்லை. இருவரிடமும் ஒரே பதிலைக் கேட்ட பிறகு, கூண்டுச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் ஏறினார். உச்சிக்குப் போய் உட்கார்ந்ததும், காதில் பெண்டாட்டியின் குரல் கேட்டது. அதில் ஒரு 'இஃப்' கூட இல்லை. ஏற்று என்றாள், ஏற்றினார்.

அவ்வளவுதான் கதை, என் கண்ணுகளா. போய்த் தூங்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டவர்கள் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் பத்திரமாகத் திரும்பி வரட்டும். வாயில் எடுக்கவே அஞ்சுகிற பேச்சையும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுகிற தைரியம் உங்களுக்குக் கிடைக்கட்டும். பேசியது எதுவும் நடக்காமலே போகட்டும். உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும்.